யாயா டூரே 20 கோல் அடித்தது உடல் பலத்தாலா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: “பார்சிலோனாவில் யாயா டூரே தடுப்பு வேலை பார்த்தவர். மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததும் ஒரே சீசனில் லீக்கில் மட்டும் 20 கோல் அடித்தார். ஆள் உயரமும் பலமும் இருந்ததால் இங்கிலாந்தில் எடுபட்டார் என்கிறார்கள், சரியா? அவ்வளவு திறமை இருந்தால் பெல்ஜியம், உக்ரைன், கிரீஸ் என்று ஏன் அலைந்தார்? நேராகப் பெரிய கிளப்புக்குப் போயிருக்கலாமே?” பார்க்க இரண்டு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான். கால்பந்தில் ஓர் ஆப்பிரிக்க மிட்ஃபீல்டரின் (நடுக்கள வீரரின்) வாழ்க்கையைத் தீர்மானிப்பது உடம்பா, கற்ற ஆட்டமா, கையில் இருக்கும் காகிதமா, அதாவது பணி அனுமதியும் கடவுச்சீட்டுமா? டூரே விஷயத்தில் காகிதம் பாதையை முடிவு செய்தது, கற்ற ஆட்டம் அவர் எட்டிய உயரத்தை முடிவு செய்தது. உடம்பு இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது. இதற்கு ஆதாரம் அவருடைய பதினெட்டு வயதுக்கு முன்பே கிடைக்கிறது.

டூரே பிறந்தது 1983 மே 13, ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே நகரில். ஆட்டம் கற்றது அபிஜானில், அசெக் மிமோசாஸ் கிளப்பின் அகாடமியில். அதை 1990களில் கட்டி எழுப்பியவர் ழான் மார்க் கியூ என்ற பிரெஞ்சுக்காரர், அவரே முன்னாள் மிட்ஃபீல்டர். பையன்களை அங்கேயே தங்கவைத்து, பள்ளிப் பாடமும் பந்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கியூவின் முறையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆரம்ப ஆண்டுகளில் பையன்களுக்கு பூட்ஸ் கிடையாது. வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். பந்தைத் தரையில் விழவிடாமல் பாதம், தொடை, தலை என்று தட்டிக்கொண்டே இருக்கும் தேர்வுகளில் தேறிய பிறகுதான் பூட்ஸ். இது வறுமையால் வந்ததல்ல. பந்து பாதத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதைத் தோலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வெறுங்கால் பழக்கம் மிட்ஃபீல்டருக்கு என்ன தரும்? பூட்ஸ் போட்டவன் பந்தை விரல் நுனியால் குத்தியும் தப்பிக்கலாம். வெறுங்காலில் குத்தினால் வலிக்கும். ஆகவே உள்பக்கம், வெளிப்பக்கம், புறங்கால் என்று பரப்பு அதிகமான இடங்களால் பந்தைத் தொடப் பையன் தானாகவே பழகுகிறான். எதிராளி காலை நீட்டி மோதினால் அடிபடும் என்பதால், மோதல் வருமுன் பந்தை விட்டுவிடவும் பழகுகிறான். முதல் தொடுதலிலேயே உடம்பைத் திருப்பி, அடுத்த தொடுதலில் பாஸ் கொடுக்கும் வழக்கம் அப்படித்தான் ஊறுகிறது. யாயாவின் அண்ணன் கோலோ டூரே, திதியே ஸோகோரா, அருணா டிண்டான், எம்மானுவேல் எபூவே, சாலமன் கலூ, ஜெர்வின்ஹோ எல்லோரும் அதே அகாடமியில் படித்தவர்கள். இவர்களுக்குள் உடலமைப்பில் ஒற்றுமை கிடையாது. பந்தைத் தொடுவதில் உண்டு. 1998-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அசெக், 1999 சூப்பர் கோப்பையில் மூத்த வீரர்கள் இல்லாமல் அகாடமிப் பையன்களை இறக்கியது. டுனீசியாவின் எஸ்பெரான்ஸ் வளர்ந்த ஆண்களின் அணி. கூடுதல் நேரத்தில் 3-1 என்று பையன்கள் ஜெயித்தார்கள். உடல் பலம்தான் தீர்மானிக்கும் என்றால் அந்த ஸ்கோர் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

இனி அலைச்சலுக்கு வருவோம். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே அகாடமியில் படித்தவர்கள் கோலோவும் யாயாவும். கோலோ 2002-இல் அபிஜானிலிருந்து நேராக லண்டனின் ஆர்செனல் கிளப்புக்குப் போனார். யாயா 2001-இல் பெல்ஜியத்தின் பெவரனுக்குப் போனார். இந்த வித்தியாசத்துக்கு இங்கிலாந்தில் அப்போது இருந்த பணி அனுமதி விதியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர், முந்தைய இரண்டு ஆண்டுகளில் தன் நாட்டு மூத்த அணி ஆடிய போட்டிகளில் 75 சதவீதத்திலாவது ஆடியிருக்க வேண்டியிருந்தது. அந்த நாடும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் முதல் 70-க்குள் இருக்க வேண்டியிருந்தது. கோலோ ஏற்கெனவே தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தார். யாயாவுக்குத் தேசிய அணி வாய்ப்பு 2004-இல்தான் வந்தது. திறமையை அளந்த விதி இது இல்லை. ஒரு நாட்டின் தேர்வாளர் யாரை அழைக்கிறார் என்பதைத்தான் அளந்தது. பத்தொன்பது வயதில், அதுவும் நடுக்களத்தில், தேசிய அணியில் நிலையான இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பெல்ஜியத்தில் நிலைமை வேறு. வெளிநாட்டு வீரர் இத்தனை பேர்தான் என்ற வரம்பு அங்கே அப்போது இருக்கவில்லை. ஐரோப்பியக் கடவுச்சீட்டு பெறுவதும் அப்போது மற்ற நாடுகளை விட எளிது. கியூ பெவரன் கிளப்பின் பொறுப்பை எடுத்து, தன் மாணவர்களை அங்கே கொண்டுபோனார். களத்தில் இறங்கும் பதினொருவரில் கிட்டத்தட்ட எல்லோரும் ஐவரி கோஸ்ட்காரர்களாக இருந்த நாட்கள் உண்டு. ஆர்செனலுக்கும் பெவரனுக்கும் இடையே தொடர்பு இருந்தது. எபூவே அந்த வழியாகத்தான் லண்டன் போய்ச் சேர்ந்தார். யாயாவும் 2003 கோடையில் ஆர்செனலில் பரிசோதனைக்கு வந்து, பார்னெட் அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் ஆடினார். ஆர்செனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரை இறக்கியது முன்களத்தில். ஆட்டம் சுமாராகவே இருந்தது என்று வெங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காகிதம் சரியாகும்வரை காத்திருக்கும் பொறுமை பையனுக்கு இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு மாலை நன்றாக ஆடியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று எழுதுபவர்கள் அனுமதிச் சிக்கலை மறந்துவிடுகிறார்கள். நன்றாக ஆடியிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

காத்திருக்காமல் 2003 இறுதியில் உக்ரைனின் மெட்டலூர்க் டொனெட்ஸ்க், 2005-இல் கிரீஸின் ஒலிம்பியாகோஸ், 2006-இல் மொனாக்கோ. அலைச்சல் என்கிறீர்கள். நான் இதைப் படிக்கட்டு என்பேன். ஒலிம்பியாகோஸில் லீக்கும் கோப்பையும் சேர்ந்து வந்தன. ரியல் மாட்ரிட், லியோன் இருந்த பிரிவில், பெரிய ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமும் கிடைத்தது. 2006 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, நெதர்லாந்துக்கு எதிராக நடுக்களத்தில் நின்றார். மொனாக்கோவில் லீக்கில் 5 கோல். 2007-இல் பார்சிலோனா சுமார் 90 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியபோது அவருக்கு வயது 24. ஆனால் எல்லோருக்கும் படிக்கட்டு இப்படி அமையாது. ஒரு கிளப்பில் பயிற்சியாளர் மாறினால், சம்பளம் நின்றால், காலில் ஒரு தசை கிழிந்தால், அடுத்த படி இருக்காது. அந்த வழியில் காணாமல்போனவர்களை நாம் எண்ணுவதில்லை என்பதால், டூரேயின் பாதை நல்ல பாதை என்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அகாடமிகள் பிழைப்பதே இதில்தான். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்படும்போது, விலையில் 5 சதவீதத்தை அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒரு பையன் 13 முதல் 18 வயது வரை ஒரே அகாடமியில் இருந்தால் அதன் பங்கு 2.25 சதவீதம். ஒரு கோடி யூரோ விற்பனையில் 2,25,000 யூரோ. அபிஜானிலோ அக்ராவிலோ ஒரு சிறிய கிளப்பின் ஆண்டுச் செலவையே தாங்கும் தொகை. தவறு எங்கே நடக்கிறது என்றால் பதிவில். பையன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தக் கிளப்பில் இருந்தான் என்பது சங்கத்தின் பதிவேட்டில் இருந்தால்தான் பங்கு வரும். பல ஊர்க் கிளப்புகள் பையனைப் பதிவே செய்வதில்லை. செய்தாலும், விற்பனை நடந்த செய்தி தெரிந்து கோருவதற்குள் இரண்டு ஆண்டுக் கெடு முடிந்துவிடும். 2022 இறுதியிலிருந்து ஃபிஃபா இதற்காகவே ஒரு தீர்வகம் நடத்தி, பணத்தைத் தானே கணக்கிட்டுப் பிரிக்கிறது. பதிவு இல்லாதவனுக்கு அதாலும் பயனில்லை.

சரி, தடுப்பு வேலை பார்த்தவர் கோல் அடித்தது எப்படி? நடுக்களத்தை 6, 8, 10 என்று எண்களால் பிரித்துப் பேசுவது வழக்கம். 6 என்பவர் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்பவர். 8 இரண்டு பெனால்டி பெட்டிகளுக்கும் இடையே ஓடுபவர். 10 முன்கள வீரருக்குப் பின்னால் நின்று கடைசிப் பாஸ் கொடுப்பவர். டூரேயின் இயல்பு 8-க்கும் 10-க்கும் நடுவே. பார்சிலோனாவில் சாவியும் இனியெஸ்டாவும் இருந்தார்கள், காலியாக இருந்தது 6 மட்டுமே. அதைத்தான் அவர் ஏற்றார். அங்கே பயிற்சியாளராக வந்த பெப் கார்டியோலாவின் 6 நடுவை விட்டு நகரக் கூடாது. ஒன்று இரண்டு தொடுதலில் பந்தை விட்டுவிட வேண்டும். இடைவெளி தெரிந்தால் பந்தோடு கிளம்பிவிடும் டூரேயைவிட, கிளப்பின் இரண்டாம் அணியான பி அணியிலிருந்து வந்த செர்ஜியோ புஸ்கெட்ஸ் அந்த இடத்துக்கு ஏன் பொருந்தினார் என்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. கணிப்பு இல்லாத பகுதி ஒன்று உண்டு. 2009 மே மாதம் செல்சிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்திலும், பிறகு ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான இறுதியாட்டத்திலும் டூரே சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாளராக, ஆடினார். தடுப்பாட்டக்காரர்களில் மார்க்கேஸுக்குக் காயம்; இறுதியாட்டத்தில் ஆல்வெஸுக்கும் அபிதாலுக்கும் தடை. ரோமில் பார்சிலோனா 2-0 என்று ஜெயித்தது. அதே மாதம், தன் 26-வது பிறந்தநாளில், ஸ்பானிய மன்னர் கோப்பை இறுதியில் பின்தங்கியிருந்த அணிக்குச் சமன் கோலை அடித்தவரும் அவர்தான். தன் பாதியிலிருந்து பந்தோடு ஓடிவந்து பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த கோல். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ‘தடுப்பு வேலைக்காரர்’ என்பது அணிக்குத் தேவைப்பட்டு ஒட்டிய முத்திரை என்று தெரியும்.

2010-இல் சிட்டி 2.4 கோடி பவுண்டு கொடுத்தபோது, இவ்வளவு விலைக்கு ஒரு தடுப்பு மிட்ஃபீல்டரா என்று எழுதினார்கள். பயிற்சியாளர் ராபர்ட்டோ மான்சினி அவரை, தடுப்பு மிட்ஃபீல்டர்களான பாரிக்கும் டி யோங்குக்கும் முன்னால் நிறுத்தினார். 2011 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் யுனைடெட்டின் கேரிக் விட்ட தளர்ந்த பாஸைப் பறித்து, தடுப்பாளர் விடிச்சைத் தாண்டி, கோல்கீப்பர் வான் டெர் சாரின் கால்களுக்கு நடுவே உருட்டினார். இறுதியில் ஸ்டோக்குக்கு எதிரான ஒரே கோலும் அவருடையது, அதுவும் இடது காலால். சிட்டிக்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் பெரிய கோப்பை அது.

2013-14 சீசன்தான் நீங்கள் கேட்டது. அப்போதைய சிட்டி பயிற்சியாளர் மானுவல் பெல்லெக்ரினி இரண்டு முன்கள வீரர்களை வைத்தார். டூரேக்குப் பக்கத்தில் நிற்க ஃபெர்னாண்டினோ வந்தார். ஒருவர் பின்னால் நின்றால் மற்றவர் போகலாம் என்ற ஏற்பாட்டில், போகிறவர் பெரும்பாலும் டூரே. எதிரணி பந்தை இழக்கும் கணத்தில் அவர்களுடைய மிட்ஃபீல்டர்கள் முகம் சிட்டி கோல் பக்கம் இருக்கும். அவர்கள் திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் நீண்ட எட்டு வைக்கும் டூரே பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டியிருப்பார். இங்கே உடம்பு உதவியது, மறுக்கவில்லை. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தன் பாதியிலிருந்து தனியாக ஓடி அடித்த கோலில் இருப்பது பலம்தான். ஆனால் 20 கோலையும் வரிசையாகப் பாருங்கள். ஹல்லுக்கு எதிராக ஃப்ரீ கிக், ஃபுல்ஹாமுக்கு எதிராக ஹாட்ரிக், அதில் இரண்டு பெனால்டி. இந்த 20-இல் சேராத ஒன்றும் உண்டு: அந்த சீசனின் லீக் கோப்பை இறுதியில் சண்டர்லாந்துக்கு எதிராகச் சுமார் 30 கஜத்திலிருந்து அடித்தது, காலைப் பின்னுக்குப் பெரிதாக வீசாமல் பாதத்தின் உள்பக்கத்தால் வளைத்த பந்து. இதெல்லாம் தொடைப் பலத்தின் வேலை இல்லை, பாதத்தின் வேலை. பிரீமியர் லீக்கில் ஒரே சீசனில் 20 கோலைத் தொட்ட மிட்ஃபீல்டர் அதற்கு முன் செல்சியின் லாம்பார்ட் ஒருவர்தான்.

இதற்கு விலையும் இருந்தது. இரண்டே பேர் நிற்கும் நடுக்களத்தில் ஒருவர் போய்விட்டால், எதிரணியில் மூன்று பேர் இருந்தால் ஃபெர்னாண்டினோ தனி ஆள். லீக்கில் 102 கோல் அடித்து அதை ஈடுகட்டினார்கள். ஐரோப்பாவில், அதே சீசனில் பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு ஆட்டமும் தோற்றபோது, அது நடக்கவில்லை. டூரே பின்னால் ஓடிவருவதில்லை என்ற குறை நியாயமான குறைதான். சோம்பல் என்று அதை எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியாது. பின்னால் ஓடும் வேலையை ரோம் இறுதியாட்டத்தில் 90 நிமிடம் செய்து காட்டியவர் அவர்.

‘பலம்’ என்ற சொல் ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் இங்கிலாந்து வீரர் சங்கத்தின் ஆதரவோடு வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்ட வர்ணனைகளைச் சொல்சொல்லாகப் பிரித்துப் பார்த்தது. வெளிர்நிற வீரர்களை அறிவுக்கும் உழைப்புக்கும், கருநிற வீரர்களை வேகத்துக்கும் பலத்துக்கும் பாராட்டும் போக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது. பாராட்டுதானே என்று விட முடியாது. ‘பலசாலி’ என்று முத்திரை விழுந்த பையனை 6-இல் நிறுத்துவார்கள். 10-இல் நிறுத்திப் பார்க்கக்கூட மாட்டார்கள். டூரேக்குத் தன் இடம் 27 வயதுக்குப் பிறகு கிடைத்ததில் இதற்கு எவ்வளவு பங்கு என்று அளக்க வழியில்லை. பங்கே இல்லை என்று மட்டும் நம்ப மாட்டேன்.

இன்னொரு சுமையை ஐரோப்பிய மிட்ஃபீல்டர்கள் அறிய மாட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை டூரேயின் காலத்தில் ஜனவரியில், லீக்கின் நடுவில் வரும். 2006, 2008, 2010, 2012, 2013, 2015 என ஆறு முறை அவர் போனார். ஒவ்வொரு முறையும் ஓய்வு எடுக்க வேண்டிய வாரங்களில் வெயிலில் ஆட்டம், திரும்பி வந்ததும் குளிரில் ஆட்டம். உடம்பு தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கானாவின் மைக்கேல் எஸியன் இருக்கிறார். டூரேயை விட ஐந்து மாதம் மூத்தவர், அதே வகை மிட்ஃபீல்டர், 2005-இல் செல்சி பெருந்தொகைக்கு வாங்கியவர். 2008 செப்டம்பரில் நாட்டுக்காக ஆடியபோது முழங்கால் தசைநார் கிழிந்தது. 2010 ஜனவரியில் அங்கோலாவில் மறுபடி முழங்கால். அந்த ஆண்டு உலகக் கோப்பை போயிற்று. 2011-இல் மூன்றாம் முறை. 29 வயதுக்குள் பழைய எஸியன் முடிந்துவிட்டார். டூரே தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. 2012 ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்தில் சாம்பியாவிடம் பெனால்டியில் தோற்ற ஐவரி கோஸ்ட் அணி, 2015 பிப்ரவரி 8 அன்று பாட்டா நகரில் அவர் தலைமையில் கானாவை 9-8 என்று பெனால்டியில் வென்றது. கடைசிப் பெனால்டியை அடித்தவர் கோல்கீப்பர் பூபகார் பாரி, அதே அபிஜான் அகாடமி, அதே பெவரன்.

அதன் பிறகு எட்டின் நீளம் அப்படியே இருந்தது. முதல் மூன்று எட்டின் வேகம் போனது. 2016-இல் கார்டியோலா சிட்டிக்கு வந்து அவரைச் சாம்பியன்ஸ் லீக் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார். முகவர் வெளியே பேசியதில் பிரச்சினை பெருத்தது. டூரே மன்னிப்பு கேட்ட பிறகு, நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக இறங்கி இரண்டு கோலையும் அடித்தார். அந்த சீசனில் மீண்டும் ஆழத்தில், பார்சிலோனாவில் நின்ற அதே இடத்தில், இந்த முறை ஓடாமல் நின்று ஆடினார். 2018-இல் விலகினார்.

‘நேராகப் பெரிய கிளப்’ கேள்விக்கு என் பதில்: 2001-இல் இங்கிலாந்து வாசல் விதியால் மூடியிருந்தது, அது உறுதி. திறந்திருந்தால் நன்றாக வந்திருப்பாரா என்பது ஊகம். பார்னெட் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால், அவருக்கான இடம் எது என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், நியூகாசிலுக்கு எதிராக சிட்டி ஆடிய 2012 மே 6 ஆட்டத்தின் முழுப் பதிவைத் தேடுங்கள். இரண்டாம் பாதியில் நஸ்ரி வெளியே போய் டி யோங் உள்ளே வருவார். அந்தக் கணத்திலிருந்து பந்தை மறந்துவிட்டு டூரேயை மட்டும் பாருங்கள். அதுவரை தோளைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு முறை டி யோங் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பின்னால் பார்ப்பதையே குறைத்துவிடுவார். அவருடைய முதல் கோல் 70-ஆம் நிமிடத்தில் வரும், அடுத்தது 89-இல்.